பின்னறையின் சூடு

மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டதாக நந்தகோபாலிடமிருந்து போன் வந்தபோது கிருபாகரன் பின்னறையில் நின்று, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மெஷின்களின் மேலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். "மலை ஏற ஆரம்பிச்சுட்டேனுங்கண்ணா. குட்டியானை வண்டி ஒண்ணு பிடிச்சுட்டு வர்றேன். ஒரே லோடுல எல்லாத்தையும் ஏத்திரலாமுங்க" என்றான் நந்தகோபால். கோயம்புத்தூரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கி விற்கிறவன். வாங்க வாங்க என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான், வாங்க என்றோமே, தருகிறேன் என்று எங்கேயாவது சொன்னோமா என்று அவருக்குத் தோன்றியது. போன வாரம் பேசியபோதும் சொல்லவில்லை. வந்து பாருங்கள் என்றுதான் சொன்னார். நன்றாக நினைவிருக்கிறது. வந்து பார்ப்பது வேறு, எடுத்துக்கொண்டு போவது வேறு. பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அன்றைக்கே தாலி கட்டிவிட்டா போகிறார்கள். ஆனால் பெண் பார்க்க வருகிறவன் லோடு வண்டியோடு வருவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் பிரஷ் நின்றுவிட்டது. விற்கிற பொருளை எதற்குத் துடைக்க வேண்டும், வைத்துக்கொள்ளப்போகிற பொருளைத்தானே துடைப்பார்கள் என்று ஒரு மனசு சொன்னது. விற்கிற பொருளைத்தான் துடைப்பார்கள், வைத்துக்கொள்கிற பொருளை யார் துடைக்கிறார்கள் என்று இன்னொன்று சொன்னது. இரண்டுமே சரியாகத்தான் இருந்தது. அவர் மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

வெளியே ஐப்பசி மழை. மழை என்றுகூடச் சொல்ல முடியாது, மேகமே இறங்கி வந்து எதிர்ச்சரிவுத் தேயிலையை விழுங்கிவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. கோத்தகிரிக் குளிரில் ஊரே ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடக்க, இந்த ஒரு அறையில் மட்டும் அவருக்குப் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இரும்பு அலமாரியில் ஒன்பது மெஷின்கள். செருப்பு டப்பாவைக் கொஞ்சம் நீட்டி வைத்தது போன்ற தகரப் பெட்டிகள். இந்தப் பக்கம் ஒரு ஃபேன், அந்தப் பக்கம் ஒரு ஃபேன், திரை கிடையாது, பொத்தான் கிடையாது. கரண்டைக் குடித்துக்கொண்டு ராத்திரி பகலாகக் கணக்குப் போடும். என்ன கணக்கு என்று வாங்கிய புதிதில் எழிலரசி கேட்டாள். அவர் மனைவி. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள், புரியாவிட்டால் விட மாட்டாள். "குலுக்கல் மாதிரி வச்சுக்க. உலகம் பூரா மெஷின் போட்டு எல்லாரும் சீட்டு எழுதிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. யார் சீட்டு விழுதோ அவங்களுக்கு பிட்காயின். நம்ம மாதிரிச் சின்ன ஆளுங்க கூட்டா சேர்ந்து போடுறோம், விழுந்தா பிரிச்சுக் குடுப்பாங்க" என்று அவர் விளக்கினார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீட்டு எழுதுற கூலி யாருது?" என்று கேட்டாள். கரண்டு பில் நம்முடையதுதான் என்றார். "அப்ப கூலியும் நாமதான் குடுக்கணும், விழுந்தாலும் நமக்குப் பங்குதான் வரும்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விடையை உரக்கப் படித்துச் சரி பார்க்கிற மாதிரிச் சொன்னாள். அன்றைக்கே அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார் அவர். என்ன பதில் என்று இப்போது யோசித்தால் ஞாபகத்துக்கு வரவில்லை. விலை ஏறும் என்பதுதான் பதிலாக இருந்திருக்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் அந்த நாளில் அது ஒன்றுதான் பதில்.

ஏறவும் செய்தது, அதை யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. இருபது வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். பச்சை இலையை வாட்டுகிற தொட்டிக்கு அடியில் எவ்வளவு காற்று போக வேண்டும், உலர்த்துகிற அடுப்பில் சூடு எங்கே நிற்க வேண்டும் என்று கையை நீட்டியே சொல்லிவிடுவார். ஃபேனும் சூடும் அவருக்குப் பழகிய விஷயம். கீழே கோயம்புத்தூரில் இந்த மெஷின்களை வைத்தால் குளிரூட்டவே தனியாகச் செலவு ஆகும், இங்கே ஜன்னலைத் திறந்தால் போதும், குளிர் இலவசம் என்று அவர் கண்டுபிடித்தபோது, வாழ்நாள் முழுக்கத் தன்னைச் சும்மா நடுங்கவிட்ட குளிரை முதல்முறையாக வேலைக்கு எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தொழிற்சாலை மூடியபோது வந்த பணம் மொத்தமும் இந்த அலமாரிக்கு வந்தது. பொழுது நன்றாகத்தான் போயிற்று. போகும், போகும் என்று இருந்தபோதுதான் கோயம்புத்தூர் டாக்டர் எழிலரசியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூட்டுவலிக்கு மாத்திரை போதாது, விலை கூடின ஊசிதான் என்றார். இப்போது நந்தகோபால் எங்கே வந்துகொண்டிருப்பான், குஞ்சப்பனைக்குக் கீழே அந்தப் பெரிய வளைவில் இருப்பான், மேகத்தில் லைட் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், மெதுவாகத்தான் வருவான், மெதுவாக வரட்டும். ஊசிக்காக அந்த மாதம் கையிலிருந்த காயின் அத்தனையும் விற்றார். யோசிக்கவே இல்லை. பொண்டாட்டிக்கு ஊசி என்றால் யார் யோசிப்பார்கள். விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கட்டினார். மாமரத்தில் கல்லை எறிந்துவிட்டு நகர்ந்த பிறகு பழம் விழுகிற மாதிரி, அதற்குப் பிறகுதான் விலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு நாள் காலையிலும் போனை எடுத்துப் பார்ப்பார். ஏறியிருக்கும். பல் விளக்கிவிட்டு வந்து பார்ப்பார். இன்னும் ஏறியிருக்கும். தன்னுடையது இல்லாத ஒன்று ஏறுவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். விற்கக் கூடாது என்று அப்போது ஒரு முடிச்சு விழுந்தது. விற்றால் ஏறும். விற்கிற அன்றைக்காக விலை எங்கேயோ ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அறிவுக்கு ஒவ்வாத நினைப்பு என்று அறிவுக்கே தெரியும், ஆனால் முடிச்சு விழுந்த இடம் அறிவு இல்லையே.

மூன்றாவது தட்டிலிருந்த மெஷின் ஒன்று கரகரத்தது. ஃபேன் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. போன மாதமே தெரியும். மாற்றலாம், சின்ன வேலை. மாற்றாமல் ஏன் விட்டார், விற்கப்போகிறோம் என்று அப்போதே உள்ளுக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்துவிட்டதா. அப்படியானால் இவ்வளவு நேரம் நின்று யோசித்துக்கொண்டிருப்பது யார். புதுசு வந்துவிட்டது என்கிறான் நந்தகோபால். இந்த ஒன்பதும் சேர்ந்து செய்கிற வேலையை அந்தப் புது மெஷின் ஒன்றோ இரண்டோ செய்துவிடுமாம், கரண்டும் கம்மியாம். போதாததற்குக் குலுக்கலில் விழுகிற பரிசையும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். அது ஆரம்பத்திலேயே தெரிந்த விதிதான், தெரிந்த விதியே ஆனாலும் வருகிறபோதுதான் உறைக்கிறது. ஆறு மாதமாக வருகிற காசு கரண்டு பில்லுக்கே பற்றவில்லை. "இந்த மாசம்னா மெஷின் விலைக்கு எடுத்துக்கறேனுங்கண்ணா. தள்ளிப் போனா எடைக்குத்தானுங்க" என்றான். எடைக்கு. அந்த வார்த்தையை அவன் போனில் சர்வசாதாரணமாகச் சொன்னான். தொழிற்சாலை மூடிய பிறகு முதலாளி இலை உருட்டுகிற ரோலர்களை விற்காமல் நல்ல விலைக்குக் காத்திருந்தார், அஸ்ஸாமிலிருந்து பார்ட்டி வருகிறது, இலங்கையிலிருந்து பார்ட்டி வருகிறது என்று. இரண்டு மழைக்காலம் போயிற்று. கடைசியில் ஒரு பழைய இரும்புக்காரன் வந்தான். கிருபாகரன் வேறு ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவர் கேட் ஓரம் நின்று பார்த்தார். கேஸ் வைத்து ரோலரை வெட்டிக்கொண்டிருந்தான். பித்தளைத் தட்டு வெட்டுப்பட்டபோது வாடை வந்தது. தேயிலை வாடையும் எரிந்த வாடையும் கலந்து, இத்தனை வருஷம் உள்ளே ஊறிக் கிடந்த சாறு கடைசியாக ஒருமுறை வெளியே வந்த மாதிரி. அன்றைக்கு முதலாளியைத்தான் மனதுக்குள் திட்டினார். சமயத்தில் விட்டிருந்தால் மெஷினாகப் போயிருக்குமே, இப்படி இரும்பாகப் போகிறதே, என்ன மனுஷன் என்று. இப்போது முதலாளி மேல் அவ்வளவு கோபம் இல்லை. கையில் இருக்கும் வரைக்கும் அது மெஷின், விற்கப்போகும்போதுதான் மெஷினா இரும்பா என்று மற்றவன் தீர்மானிக்கிறான், அதற்குப் பயந்துதான் வைத்திருந்திருப்பார்.

ஆனால் சூடு இருக்கிறதே. அங்கே வந்து நின்றதும் அவருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்த இடத்துக்கு வந்து நிற்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. மெஷின்கள் கக்குகிற சூட்டை வீணாக வெளியே விடாமல், படுக்கையறைச் சுவரில் அவரே ஓட்டை போட்டுத் தகரக் குழாய் வைத்து உள்ளே திருப்பியிருந்தார். மார்கழியில் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும்போது அந்த அறை மட்டும் கதகதவென்று இருக்கும். எழிலரசி குழாய் வாய்க்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொள்வாள். கணுவெல்லாம் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்த கை. சாக்பீஸ் பிடிக்க முடியாமல் வேலையை விட்ட கை. அந்தக் கைக்குச் சூடு எவ்வளவு முக்கியம். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் நிவேதா போனில் சொன்னாள், "அப்பா, ஹீட்டர்தான் வேணும்னா ஒரு ஹீட்டர் வாங்கிக்கலாம்ப்பா. அதை வித்துத் தொலைங்கப்பா, ப்ளீஸ்" என்று. ஹீட்டர் கரண்டைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இது தின்றதில் கொஞ்சமாவது திருப்பித் தருகிறதே, அந்தக் கணக்குப்படி பார்த்தால் இது ஹீட்டரைவிட லாபம்தானே என்று அவர் கேட்டார். "சரிப்பா, உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டாள். நல்ல வாதம்தான் அது. ஒன்பது மெஷினுக்கும் பொருந்துமா என்பது வேறு. ஒரு அறைக்கு ஒன்றோ இரண்டோ போதும், மிச்சத்தின் சூடெல்லாம் மேல் ஜன்னல் வழியாக மேகத்துக்குத்தான் போகிறது. அதை விடு. வெயில் காலத்தில்? அதையும் விடு. பெண்டாட்டியின் கை. அது ஒன்று போதும். ஒரு மனுஷன் லாபத்துக்காக வைத்திருக்கிறான் என்றால் சிரிப்பார்கள், மனைவிக்காக வைத்திருக்கிறான் என்றால் யார் சிரிப்பார்கள்.

நண்பனோடு பேசிய அந்தப் போன் பேச்சு எழிலரசி காதில் விழுந்திருக்குமா. இதோ, மறுபடி இது. இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துப் போனதே இதை மிதிக்காமல் தாண்டத்தானோ என்னவோ. போன வருஷம், விலை உச்சியில் நின்ற சமயம், தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த நண்பன் போன் செய்தான். இந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தார். இதே அலமாரிக்கு முன்னால். "அவ ஊசிக்காக அன்னைக்கு வித்தேன்டா. அதை மட்டும் வச்சிருந்தேன்னா இன்னைக்கு நான் யாரு தெரியுமா?" என்றார். வேறு எந்த அறையாக இருந்தாலும் அதை முணுமுணுத்திருப்பார். பெருமூச்சாகச் சொல்லியிருப்பார், அது பெருமூச்சோடு போயிருக்கும். இந்த இரைச்சலில் அடித்தொண்டையிலிருந்து கத்த வேண்டியிருந்தது. கத்தினார். கத்திவிட்டுத் திரும்பினால் கதவு திறந்திருந்தது, படுக்கையறையில் எழிலரசி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தலையணை உறையைக் குழாய் வாயில் காயவைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. காதில் விழுந்திருந்தால் ஒரு நொடியாவது கை நிற்குமே. விழுந்ததால்தான் நிற்காமல் பார்த்துக்கொண்டாளோ. உறையின் ஓரத்தை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள், அந்த விரல்களால். ராத்திரி சாப்பாட்டில் வித்தியாசம் இல்லை. மறுநாளும் இல்லை. ஆனால் அடுத்த ஊசிக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது, இந்தத் தடவை வேண்டாம், இப்போ வலி குறைஞ்சுதான் இருக்கு என்றாள். அவர் இரண்டு தடவை வற்புறுத்தினார். மூன்றாவது தடவை வற்புறுத்தவில்லை. ஏன் மூன்றாவது தடவை வற்புறுத்தவில்லை. இங்கே வந்து நினைப்பு எப்போதும் ஒரு ஆணியில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் கிழியும், விட்டால் தொங்கும். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கரகரக்கிற மெஷினைக் கையால் தட்டினார். ஒரு நிமிஷம் சத்தம் சரியானது. பிறகு மறுபடி கரகரத்தது.

போன் வந்தது. "அரவேணு வந்துட்டேனுங்கண்ணா." அரவேணு வந்துவிட்டான் என்றால் இன்னும் எவ்வளவு நேரம். கொஞ்ச நேரம்தான். கொஞ்ச நேரத்தில் எதையாவது தீர்மானித்தாக வேண்டும் என்று நினைத்தபோது அவருக்கு ஒரு பயம் வந்தது. விலை பயம் இல்லை, ஏமாறுகிற பயம் இல்லை. இவை போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது. எழுந்ததும் இந்த அறைக்கு வருவார், ஒவ்வொன்றின் சூட்டையும் கையை நீட்டிப் பார்ப்பார், போனில் கணக்கைப் பார்ப்பார், தூசி தட்டுவார், அதற்குள் பொழுது விடிந்துவிடும். தொழிற்சாலை மூடிய மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். எழிலரசி பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனாள். அந்த வாசல் வரைக்குமான நடை இன்னொரு தடவை வேண்டாம். அப்படியானால் தீர்மானம் ஆகிவிட்டது. கொடுப்பதில்லை. இன்றைக்கு இல்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லை, சூடு வேண்டும், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். டாக்டர் சொல்லவில்லை, ஆனால் கேட்டால் சொல்லுவார். பெட்ரோல் செலவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். இவ்வளவு எளிதா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மார்பிலிருந்து பாரம் இறங்கியது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எழிலரசியை நினைத்து, இவ்வளவு நாள் இல்லாத ஒரு பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

நந்தகோபால் வண்டியிலிருந்து இறங்கும்போதே இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டான். முப்பது வயசு இருக்கும், டி ஷர்ட்டோடு மலைக்கு வந்துவிட்டிருந்தான். "என்ன குளிருங்கண்ணா இது, மனுஷன் இருக்கற ஊருங்களா?" என்றான். பின்னறைக்குள் நுழைந்ததும், "அடேயப்பா, உள்ளார சித்திரை மாசமா இருக்குது" என்று சிரித்தான். ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து பார்த்தான். மூன்றாவது தட்டுக்கு வந்ததும் காதை வைத்துக் கேட்டான். "பேரிங்குங்களா? பரவால்லீங்க, போட்டுக்கலாம். நல்லாத்தான் வச்சிருக்கீங்க. நான் சொன்ன ரேட்டுல இருந்து பெருசா எறக்க மாட்டேன். சுவிட்சை அமத்திரலாமுங்களா?"

"நந்தகோபால், ஒரு நிமிஷம்" என்றார் கிருபாகரன். குரலை உயர்த்தித்தான் சொன்னார், இருந்தாலும் அவன் காதைக் கிட்டே கொண்டுவந்தான். "இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, சொல்றதுக்கே ஒரு மாதிரி இருக்கு. குடுக்கலாம்னுதான் இருந்தேன். வீட்டுல அவளுக்கு மூட்டுவலிங்க. கையெல்லாம் வீங்கிக்கும். இந்தக் குளிருக்கு இந்த மெஷின் சூட்டுலதான் அவ பொழுது போகுது. அவளுக்காகத்தான்..."

நந்தகோபாலின் முகம் சுருங்கியது. உடனே சரியாகவும் ஆகிவிட்டது. "அக்கா உடம்பைவிட இது பெருசுங்களா. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா வண்டி பிடிச்சிருக்க மாட்டேன், அவ்வளவுதானுங்க" என்றான். நல்ல பையன். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அப்போதுதான் எழிலரசி வாசலில் நிற்பதைப் பார்த்தார். கையில் ஒரு டீ டம்ளர். தட்டு பிடிக்க வராது என்பதால் ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவருவாள். நேரே வந்து டம்ளரை நந்தகோபாலிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினாள். அந்த இரைச்சலில் அவளும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"என் கைக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க! முன்னாடி என் கைக்காக வித்தீங்க! இப்ப என் கைக்காக வச்சுக்கறீங்க! எனக்குன்னு நான் எதையுமே கேக்கலைங்க!"

கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. கத்துகிற வாய் ஒன்றாகவும், பார்க்கிற கண் வேறாகவும் இருந்தது. நந்தகோபால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"அப்ப வித்துடவா? நீயே சொல்லு" என்று கத்தினார் கிருபாகரன்.

"அதையும் என் தலையில வைக்காதீங்க! உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க! அதைச் சொல்லி வச்சுக்கங்க, இல்ல அதைச் சொல்லிக் குடுங்க!" என்றாள். அவ்வளவுதான். அடுத்த டம்ளரைக் கொண்டுவரப் போய்விட்டாள்.

அவருக்கு என்ன வேண்டும். அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசாரித்துப் பார்த்தால் பதில் வருமென்று நின்றார். விலை ஏற வேண்டுமா. ஏறினால் என்ன செய்வார், விற்கமாட்டாரே, இன்னும் ஏறும் என்று வைத்துக்கொள்வார். பணம் வேண்டுமா. சூடு வேண்டுமா. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தார். எதுவும் அவருடையதாக இல்லை. அடியில் மிச்சமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், பார்க்கவே கூச்சமாக இருந்தது அது. நீ செய்தது தப்பில்லை என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். தொழிற்சாலைப் பணத்தை இதில் போட்டது தப்பில்லை, அன்றைக்கு விற்றது தப்பில்லை, அப்புறம் விற்காமல் வைத்திருந்ததும் தப்பில்லை என்று. அதைச் சொல்ல வைக்கத்தான் இந்த ஒன்பதும் இத்தனை மாதமாகக் கரண்டைக் குடித்துக்கொண்டு ஓடுகின்றன. ஓடி ஓடி ஒருநாள் சொல்லிவிடும் என்று அவர் காத்திருக்கிறார். எந்த விலை வந்து அதைச் சொல்லும். எவ்வளவு உயரத்துக்கு ஏறினால் வாயைத் திறக்கும். நந்தகோபால் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப நான் கிளம்பட்டுங்களாண்ணா?" என்றான். "இருங்க" என்றார் கிருபாகரன். மேல் தட்டில் கை வைத்தார். சுவரிலிருந்த பலகையில் முதல் ஸ்விட்சைத் தள்ளினார்.

ஒரு மெஷின் நின்றதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நாலைந்து நின்ற பிறகு, காதுக்குள்ளிருந்து ஏதோ மெதுவாக வெளியே எடுக்கப்படுகிற மாதிரி இருந்தது. கரகரக்கிறதைக் கடைசியில் வைத்துக்கொண்டார். அது நின்றதும் மழை பெய்துகொண்டிருப்பது தெரிந்தது. தகரத்தில் சொட்டுகிறது, தேயிலையில் விழுகிறது, வண்டியின் தார்ப்பாயில் விழுகிறது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. நந்தகோபால் வண்டியிலேயே உட்கார்ந்திருந்த டிரைவரைக் கூப்பிட்டான். இருவரும் பழைய போர்வையில் சுற்றிச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். கிருபாகரனும் ஒன்றிரண்டைத் தூக்கினார். இன்னும் சூடாறவில்லை, மார்போடு அணைத்துத் தூக்கும்போது தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் எரிச்சலாக வந்தது, தகரத்தைப் போய் என்ன குழந்தை என்று. பணத்தை நந்தகோபால் போனிலேயே அனுப்பினான். வந்த சத்தத்தைக் கேட்டார், எடுத்துப் பார்க்கவில்லை. மேகத்துக்குள் வண்டியின் சிவப்பு விளக்கு இரண்டும் ஒன்றாகி, ஒன்றும் இல்லாமல் போயின. இப்போது விலை ஏறும் என்று நினைத்துக்கொண்டார். ஏறத்தான் செய்யும். அந்த நினைப்பு வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, உட்கார இடம் கேட்காமல் நின்றுகொண்டே இருந்தது.

சாயங்காலத்துக்குள் வீடு சில்லிட்டுவிட்டது. சுவரில் குழாய் வைத்த ஓட்டை வழியாகக் குளிர் நேராக உள்ளே வந்தது. கிருபாகரன் ஸ்டூலில் உட்கார்ந்து அதில் சாக்கைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து எழிலரசி, "என்னங்க! டீ போடவா?" என்று ஒரு கத்துக் கத்தினாள். வீடே அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து, "என்னக்கா, ஏதாச்சும் ஆச்சா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழிலரசி அவளுக்குச் சொல்லி அனுப்பினாள். பிறகு படுக்கையறை வாசலுக்கு வந்து நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் இந்த வீட்டுக்குள் எத்தனையோ நாளாகச் சந்தைக்கடைக்காரர்கள் மாதிரிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். சாப்பிட வா, கதவைச் சாத்து, மாத்திரை போட்டாயா, எல்லாம் கத்தல். கத்திச் சொல்ல முடிந்ததை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். மற்றது எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவள் டீ கொண்டுவந்து கட்டிலில் உட்கார்ந்தாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஏதோ பேச வேண்டும். நாளைக்குக் காலையில் ஊசி விஷயமாக டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்று சொல்ல நினைத்தார். அதைச் சொன்னால் அது வேறு எதற்கோ பதிலாகிவிடும் போல இருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டார். அவருடைய குரல் அவருக்கே புதிதாக இருந்தது. அவ்வளவு சின்னதாக வந்தது.

இப்படி அவர் கேட்கும்போதெல்லாம் அவள் கையைத் தூக்கி, பரவாயில்லை என்று ஆட்டிவிட்டுப் போவாள். இன்றைக்கு ஆட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வலிக்குதுங்க" என்றாள். "காலையில எந்திரிச்சா மடக்கவே முடியறதில்லை. முதல்ல இந்த விரல்தான் ஆரம்பிக்கும். அப்புறம் இங்க, மணிக்கட்டுல. ராத்திரியில எப்படி இருக்கும்னா..." என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு அவசரமே இல்லை. கேட்பதற்கு அவ்வளவு பக்கத்தில் போக வேண்டிய தேவை இல்லை, இருந்தாலும் கிருபாகரன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார்.